காப்புக் கட்டிய பதினாறு நாட்கள்

என் தங்கச்சி பயமில்லாமல் சோறு தின்ற நாட்கள் வருடத்துக்குப் பதினாறு. மாசியில் காமன் கூத்துக்காக அவள் புருஷன் கையில் மஞ்சள் காப்புக் கட்டும் நாளிலிருந்து அதை அறுக்கும் நாள் வரைக்கும். காப்புக் கட்டியவன் குடிக்கக் கூடாது, கவிச்சி தொடக் கூடாது, பெண்சாதி பக்கத்தில் படுக்கக் கூடாது, யார் மேலும் கை ஓங்கக் கூடாது. அவன் மேலும் யாரும் கை ஓங்கக் கூடாது. அந்த நாட்களில் அவள் கன்னம் கொஞ்சம் உப்பி வரும். காப்பு அறுத்த அன்றைக்கே அவன் கசிப்புச் சாராயம் வாங்கப் போய்விடுவான்.

புளத்கொகுபிட்டியவிலிருந்து பஸ் ஏறி இறங்கி, இன்னும் ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் இறப்பர் தோட்டம். நான் அங்கே பால் வெட்டுகிறவள். லயம் என்கிற வரிசை வீட்டில் குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறைதான். சிவன் நெற்றிக் கண்ணால் மன்மதனை எரித்ததையும், ரதி அவனுக்காக அழுததையும் ஒவ்வொரு மாசியிலும் நாங்கள் ஆடுகிறோம். அந்தக் கூத்தில் பாட்டு எங்கள் குடும்பத்துடையது. சிவனின் கோபமாக வந்து ஆடும் வீரபத்திரன் வேஷம் தங்கச்சி புருஷன் குடும்பத்துடையது. கல்யாணப் பேச்சே அப்படித்தான் வந்தது. பாட்டும் ஆட்டமும் ஒரே வீட்டில் சேருகிறதே என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். அதை மறைக்க மாட்டேன்.

அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும். அவர் செத்த வருடம் கோயில் கமிட்டி கூடி, ஒரு பொம்பளை கூத்துக்குப் பாடலாமா என்று மூன்று மணி நேரம் பேசியது. பதினாறு நாள் பாட்டும் வேறு ஒருவருக்கும் வராது என்று தெரிந்ததும் பேச்சு தானாக முடிந்தது. ரதி வேஷத்தை இன்றைக்கும் ஒரு ஆம்பிளைதான் கட்டுகிறார். தப்படிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்து நின்று ரதியின் குரலாகப் பாடுவது நான். சொந்தமாகவும் பாட்டுக் கட்டுவேன். மரம் மரமாக நடந்து பட்டையைச் சீவும்போது வரி வரும். அடுத்த மரத்துக்குள் மறந்துவிடும் என்பதால் போனில் பாடி வைத்துக்கொள்வேன்.

தங்கச்சியை அவன் அடித்ததைச் சொல்ல வேண்டும். பால் வாளியைத் திருப்பிப் பிடித்து முதுகில் அடித்திருக்கிறான். சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து தூக்கிக் காலில் கவிழ்த்திருக்கிறான். மூன்று மாதம் முழுகாமல் இருந்தவளை வயிற்றில் உதைத்து, அந்தப் பிள்ளை லயத்துக் கக்கூசிலேயே போனது. அன்றைக்கு அவள் பாவாடை முழுக்க இரத்தத்தோடு என் வாசலில் வந்து உட்கார்ந்தாள். நான் பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டான். கதவுப் பலகையில் நான் கொத்திய கொத்து இன்றைக்கும் இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது, அப்பாவிடமிருந்து பாட்டோடு சேர்ந்து வந்த இன்னொரு சொத்து அது.

பொலிசுக்கும் போனோம். அங்கே இருந்த பொலிஸ் மாத்தயா சிங்களத்தில் எழுதிக்கொண்டார், அவனைக் கூப்பிட்டு மிரட்டினார், புருஷன் பெண்சாதி சமாதானமாகப் போங்கள் என்று அனுப்பினார். அவன் என் தங்கச்சியின் காலைத் தொட்டு அழுதான். எட்டு நாள் கழித்து அதே காலில் மிதித்தான்.

"வந்துருடி, என்கூட இருந்துக்க," என்று எத்தனையோ முறை சொன்னேன்.

"காம்பரா அவன் பேருல இருக்கு. எம் பேரும் அந்தக் காம்பராவுலதான் பதிஞ்சிருக்கு. ஒன் காம்பராவுல ஏற்கனவே நாலு பேரு. நான் எங்கக்கா படுக்கிறது?" என்பாள். ஒருமுறை, காப்புக் கட்டிய நாட்களில் கேட்டபோது, "இப்பப் பாரு, மனுசனாத்தானே இருக்கான்," என்றாள். எனக்கு அவளை ஒரு அறை விடலாம் போலிருந்தது. கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

ரதியின் அழுகையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய வரிகள் முடிந்ததும் அந்த வருடம் தோட்டத்தில் நடந்த துக்கங்களைப் புது வரியாகக் கட்டிச் சேர்க்க வேண்டும். அரநாயக்கவில் மண் சரிந்ததற்கு அடுத்த மாசியில், புதைந்தவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அப்பா பாடினார். காமனுக்கு அழுதவர்கள் எல்லோரும் அவர்களுக்கும் சேர்த்து அழுதார்கள். ரதி அழுது முடிக்கும் வரை பாட்டை யாரும் நிறுத்தக் கூடாது. கோயில் தலைவரும் நிறுத்த முடியாது. இடுப்பில் கயிறு கட்டி நான்கு பேர் இழுத்துப் பிடிக்க, வீரபத்திரனும் நின்று கேட்கத்தான் வேண்டும்.

போன வருடத்துக்கு முந்திய மாசியில் எனக்கு அந்த யோசனை வந்தது. அவன் கையில் காப்பு இருக்கும். இடுப்பில் கயிறு இருக்கும். காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்களத்தில் மொத்தத் தோட்டமும் நிற்கும். அவன் செய்ததை எல்லாம் ரதியின் வாயால் பாடிவிட்டால், கேட்கவில்லை என்று ஒருவனும் சொல்ல முடியாது. காப்பு அறுப்பதற்குள், அவளைப் பிரித்துத் தனிக் காம்பரா கேட்டுக் கொடுப்பதாகக் கமிட்டி வாக்குக் கொடுத்தே ஆக வேண்டும். இதுதான் என் கணக்கு. எனக்குத் தெரிந்து அவன் அவளைப் பெரிதாக அடித்தது பதினொரு தடவை. பதினொன்றையும் வரியாக்கினேன்.

தங்கச்சியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அது மட்டும் இல்லை. அந்தப் பாட்டு எனக்குப் பிடித்துப்போயிருந்தது. ஒவ்வொரு மரத்தடியிலும் அதைப் பாடிப் பார்த்தேன். அவள் வயிற்றில் விழுந்த உதைக்கு எதுகை கிடைத்த அன்று நான் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் வாயில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

மற்றத் தோட்டங்களில் காமனை விடியலில் எரிப்பார்கள். எங்களுக்கு இரவில் ஸ்பீக்கர் போட அனுமதி இல்லாததால் பகல் பத்து மணிக்கு எரிக்கிறோம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். காமன் கம்பம் எரிந்து சாய்ந்தது. ரதி வேஷம் கட்டியவர் தலைமுடியை அவிழ்த்துப்போட்டுத் தரையில் விழுந்தார். வீரபத்திரன் களத்தின் அந்தப் பக்கத்தில், முகம் முழுக்கச் சிவப்பும் கறுப்பும் பூசி, ஜிகினா ஒட்டிய மரவாளோடு நின்றான். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் என் தங்கச்சி மஞ்சள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நின்றாள். வீரபத்திரன் ஆடி முடிந்ததும் அவன் பெண்சாதிதான் காலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றினால்தான் சாமி மலையேறும்.

பழைய வரிகளை முடித்தேன். புது வரியில் முதலில் அந்த வருடம் செத்துப்போன இரண்டு பேரைச் சொல்லி அழுதேன். பிறகு எடுத்தேன்.

"பால்வெட்டப் போனவளப் பாதையில மறிச்சடிச்ச
கையிக்கு மஞ்சக் காப்பெதுக்கு, கட்டிவிட்டது யாரு சாமி?"

முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. இரண்டாவது, வாளி. மூன்றாவது, சோற்றுப் பானை. பெண்கள் பக்கத்தில் தலைகள் திரும்பத் தொடங்கின. ஒருத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். தங்கச்சி என்னைப் பார்த்தாள். நிறுத்து என்று தலையை ஆட்டினாள். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் நிறுத்தவில்லை. ரதியின் பாட்டை யாரும் நிறுத்தக் கூடாது இல்லையா?

வயிற்றில் உதைத்த வரி வந்தபோது அவன் கத்தினான். உடம்பை முறுக்கிக்கொண்டு குதித்தான், கயிறு பிடித்த நான்கு பேரும் இழுபட்டார்கள். அங்கேதான் எல்லாம் கெட்டது. அது அவமானத்தில் வந்த வெறி என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியவில்லை. பாட்டில் உருகி வீரபத்திர சாமி முழுசாக இறங்கிவிட்டது என்று நினைத்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். தப்புக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். சாமி முழுசாக இறங்கினால் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான்கு பேரும் கயிற்றைத் தரையில் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அவன் என்னிடம் வருவான் என்று நினைத்தேன். மைக் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் பெண்கள் வரிசைக்குப் போனான். அவள் தண்ணீரை ஊற்றக் குனிந்தாள், சாமி வருகிறது என்று அவளும் நினைத்தாளோ என்னவோ. மரவாளின் பிடிப்பக்கம் அவள் இடது காதில் விழுந்தது. குடம் உடைந்தது. விழுந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கி, காதோடு சேர்த்து மறுபடி அடித்தான். மறுபடியும் அடித்தான்.

சுற்றி நின்ற இருநூறு பேரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

"சாமி, போதும் சாமி! எறங்கு சாமி!" என்று ஒரு கிழவர் கெஞ்சினார். இறங்குவதற்கு அங்கே சாமி இல்லை.

தப்புக் காய்ச்சுகிற நெருப்பு என் காலடியில் எரிந்துகொண்டிருந்தது. ஒரு கொள்ளியை உருவிக்கொண்டு ஓடினேன். காப்புக் கட்டிய மணிக்கட்டிலேயே போட்டேன். தீப்பொறி அவன் முகப்பூச்சில் பறந்தது. வாள் கீழே விழுந்தது. இரண்டாவது அடியை அவன் தோளில் கொடுத்தேன். மூன்றாவதைத் தலைக்கு ஓங்கினேன், மனதாரக் கொல்லத்தான் ஓங்கினேன். அதற்குள் ஆம்பிளைகள் என்னைப் பிடித்துவிட்டார்கள்.

"சாமிய அடிச்சிட்டாடா! காப்புக் கட்டுனவன அடிச்சிட்டா!" என்று கத்தியபடி ஒருவன் என் இடுப்பில் உதைத்தான். இன்னொருவன் என் கையை முறுக்கிக் கொள்ளியைப் பிடுங்கினான். அப்போது என் மணிக்கட்டு மளுக்கென்றது. கோயில் தலைவர் என் கன்னத்தில் அறைந்தார். அப்பாவோடு ஒரே தட்டில் சாப்பிட்ட மனுசர் அவர்.

"இங்க பாரு பிள்ள, தோட்டத்துக்கே சாபம் வாங்கிக் குடுத்துட்ட!" என்றார்.

"அவ காதுல ரத்தம் வருது, தலைவரே! மொதல்ல அத பாருங்க!" என்று கத்தினேன்.

எல்லோரும் அப்போதுதான் பார்த்தார்கள். தப்பு நின்றது. மஞ்சள் தண்ணீர்ச் சேற்றில் அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். காதிலிருந்து வந்தது கழுத்துப் பள்ளத்தில் தேங்கியிருந்தது.

த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே பொலிஸ் மாத்தயா ஒருவர் வந்து, "மொகத வுனே?" என்று கேட்டார். என்ன நடந்தது என்று எந்த இடத்திலிருந்து சொல்வது? நான் நன்றாகச் சிங்களம் பேசுவேன், சந்தையில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது. அன்றைக்கு வாய் வரவில்லை. என் பாட்டில் தொடங்குவதா, அவன் கையில் தொடங்குவதா என்று தடுமாறினேன். கடைசியில் அவன் கையில் தொடங்கினேன். காது திரும்பக் கேட்காது என்று டாக்டர் நோனா மெதுவாகச் சொன்னார். பிறகு என் மணிக்கட்டுக்கும் கட்டுப் போட்டுவிட்டார்.

அவன் சொன்னது ஒரே பேச்சு. "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க. சாமி வந்திருச்சி." கமிட்டி அதை நம்பியது. என்னை ஒரு வருடம் கோயிலுக்குள் வரக் கூடாது என்றார்கள். சாமி அடித்ததற்குப் பொலிசில் பேசக் கூடாது என்று எங்கள் லயத்துக்கே வந்து சொன்னார்கள். கதவை அவர்கள் மூஞ்சியில் சாத்தினேன்.

தப்புக்காரர் ஒருவரின் மகள் அன்றைக்குப் போனில் எல்லாவற்றையும் எடுத்திருந்தாள். அதைத் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பினார். அவர் சம்சாரம்தான் கையில் வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வந்தவர், "இந்தா, இங்க நிறுத்து," என்றார். அவன் பெண்கள் வரிசைக்குப் போகும் வழியில் தரையில் சூடத்தட்டு எரிந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்து, மிதிக்காமல் ஒதுங்கிச் சுற்றிப் போனான். குறுக்கே வந்த என் பக்கத்து வீட்டுக்காரியை இடது கையால் பக்குவமாக நகர்த்திவிட்டான். அதற்கப்புறம்தான் வாளை ஓங்கினான்.

"சாமி வந்தவனுக்குக் கால் சுடுமாங்க?" என்று தலைவரைப் பார்த்து அந்த அம்மா கேட்டார்.

தலைவர் வீடியோவை நான்கு தரம் பார்த்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு பொலிசுக்குக் கிளம்பினார். அவரே சாட்சி சொன்னார். அவன் கொஞ்ச நாள் உள்ளே இருந்தான், பிறகு இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழியில் வேலை செய்கிறான் என்று கேள்வி. வீரபத்திரன் வேஷம் இப்போது வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. கயிறு விடுகிற வழக்கத்தையும் நிறுத்திவிட்டார்கள். காம்பரா தங்கச்சி பேருக்கு மாறியது. நான் கணக்குப் போட்டது எல்லாமே நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம், அவள் காதைத் தவிர.

அந்த வீடியோ எப்படியோ வெளியே போனது. கனடாவிலிருந்தும் டுபாயிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். அக்கா, நெருப்பு மாதிரிப் பாடியிருக்கிறீர்கள் என்றார்கள். கொழும்பில் ஒரு மேடையில் பாடக் கூப்பிட்டார்கள். போனேன். கைதட்டினார்கள். பதினொரு அடிக்கும் கைதட்டு. பஸ்ஸில் திரும்பும்போது அவிசாவளை வரைக்கும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தேன்.

இரண்டு வருடமாகத் தங்கச்சி அந்தப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சேர்ந்து பால் வெட்டப் போவோம். அவள் இடது பக்கம் நான் நடந்தால் நான் பேசுவது விழாது, அதனால் வலது பக்கம் மாறிக்கொள்வேன். அவள் உடனே நடையை மாற்றி என்னை இடது பக்கத்துக்குத் தள்ளிவிடுவாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று புரிய எனக்கு நாளானது. நான் திட்டவில்லை. என் வாழ்க்கையில் பதிலுக்குத் திட்டாமல் விட்டது அது ஒன்றுதான்.

இந்த வருடம் தடை நீங்கி மறுபடி என்னைப் பாடக் கூப்பிட்டார்கள். அந்தப் பாட்டையே பாடுங்கள் என்று இளவட்டங்கள் கேட்டார்கள். காப்புக் கட்டுவதற்கு முந்திய ஞாயிறு, தங்கச்சி என் காம்பராவுக்கு வந்தாள். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"பாடு. நான் இன்னும் முழுசாக் கேக்கல," என்றாள்.

அவளது வலது பக்கம் உட்கார்ந்து பாடினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, விரலை மடக்கி மடக்கிக் கேட்டாள்.

"பதினொண்ணுதானா ஒனக்குத் தெரியும்?" என்றாள். "சரி, அது போகட்டும். கடைசியா விழுந்துச்சே, அது எங்க?"

"எதுடி?"

"காதுல விழுந்தது. அத ஏன் சேக்கல? அது எதனால விழுந்துச்சின்னு ஒனக்குத் தெரியும். நான் தலைய ஆட்டுனேன். நீ பாத்த. பாத்துட்டுத்தான் பாடுன." அவள் குரல் ஏறவில்லை. "எல்லாரும் ஒன்ன நெருப்புங்கிறாங்க. வெந்தது நாந்தானே, அக்கா."

நான் அழுதேன். மன்னிச்சிக்க என்று சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "அழுவாத. கட்டு. கட்டி அங்க பாடு," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அந்த வரி வர எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. எதுகைக்காக நான் மெனக்கெடவில்லை. போனில் பாடி வைக்கவும் இல்லை, மறக்கக் கூடியதாக இருந்தால் மறந்து போகட்டும் என்று விட்டேன். மறக்கவில்லை.

பதினாறாம் நாள் பெரட்டுக்களத்தில், பதினொன்றும் முடிந்து எல்லோரும் ஓய்ந்த பிறகு, அதைப் பாடினேன்.

"நிறுத்துன்னு தலையசைச்சா, நான்பெருசுன்னு பாடினேனே
எம்பாட்டு எரிஞ்சதுக்கு என்தங்கை காதத் தந்தாளே."

ஒருத்தியும் குலவை போடவில்லை. போனைத் தூக்கிப் பிடித்திருந்த இளவட்டங்கள் சிலர் கையை இறக்கினார்கள். தப்புக்காரர்கள் அடுத்து என்ன செய்வது என்று என்னைப் பார்த்தார்கள். முதல் வரிசையில் தங்கச்சி நின்றாள். வழக்கம்போல் இடது காது என் பக்கம் இருந்தது. அவள் மெல்லத் திரும்பி வலது காதை என் பக்கம் வைத்தாள்.

"கேக்கல," என்றாள், களம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "இன்னொரு தடவ பாடு."

பாடினேன்.